சாப வளைவின் கோப்பு

காலையில் அலாரம் அடிக்கும். அணைப்பேன். பல் துலக்குவேன். பாலைக் காய்ச்சி, பொங்குவதற்கு முன் இறக்குவேன். காபி குடிப்பேன். சட்டையில் காலரை மட்டும் தேய்ப்பேன். என் மனைவியின் கைபேசியைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். வங்கி ஏதாவது சொல்லியிருக்கும். துணிக்கடை தள்ளுபடி என்றிருக்கும். அழித்துவிட்டு மறுபடியும் சார்ஜரில் செருகுவேன். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவேன்.

அன்று வங்கிக்கும் துணிக்கடைக்கும் நடுவில் ஆவணக் காப்பகத்தின் மின்னஞ்சல் இருந்தது.

காப்பகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. மாதக் கடைசியில் பெட்டிகளை மூடிவிடுவார்கள். திரும்பத் திறக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். "மதிப்பிற்குரிய ஆய்வாளரே, தங்கள் கணக்கில் இரண்டு தொலைவழி ஸ்கேன் கோரிக்கைகள் மீதமுள்ளன. முன்கூட்டியே திட்டமிட்டுப் பயன்படுத்திக்கொள்ளவும்."

மதிப்பிற்குரிய ஆய்வாளர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காப்பகத்துக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். அடுத்த நாள் பதில் வந்தது. வருந்துகிறோம், ஆனால் கணக்கில் உதவியாளர் என்று ஒருவரைப் பதிவு செய்திருக்கிறார், அவர் மீதியைப் பயன்படுத்தலாம். உதவியாளரின் பெயர் என்னுடையது. தகுதி என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது: "பொறுமைசாலி. கையெழுத்து மோசம்."

நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். அவள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊர்த் தெருக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தெருவுக்கு ஒரு அத்தியாயம். எல்லாம் முடிந்து ஒன்று மட்டும் பாக்கி. சாப வளைவு.

கடைத்தெரு ரயிலடியிலிருந்து அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக வரும். பாதியில் திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கும். எதிரில் யாரோ வருகிறார்கள், வழி விடுவோம் என்பது போல. பிறகு பழைய கோட்டுக்கே திரும்பிவிடும். ஒதுங்கின இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பஞ்சர் கடை. அவ்வளவுதான். பேருந்து நிறுத்தப் பலகையிலேயே 'சாப வளைவு' என்று எழுதியிருக்கும்.

ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும். அந்த இடத்தில் ஒரு ரொட்டிக்காரியின் அடுப்பு இருந்ததாம். தெருவை அகலப்படுத்த வந்தவர்கள் இடிக்கச் சொன்னார்களாம். அவள் தலையை விரித்துப்போட்டு, அடுப்புச் சாம்பலை அள்ளி வீசி, இந்தத் தெரு நேராகப் போகிற அன்று இந்த ஊரே சாம்பலாகப் போகும் என்று சபித்தாளாம். பயந்துபோய் வளைத்துவிட்டார்களாம்.

என் மனைவி இதை நம்பவில்லை. "ரொட்டி சுடறவ தலையை விரிச்சுப் போட்டா ரொட்டியில முடி விழும். அப்புறம் யார் வாங்குவா?" என்பாள். அவளுடைய கணினியில் அந்த அத்தியாயம் ஒரு கேள்வியோடு நின்றிருந்தது. 'அந்தப் பெண் உண்மையில் என்ன சொன்னாள்?' அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

பதிப்பாசிரியருக்குப் பேசினேன்.

"சார், சாபத்தையே வெச்சுடலாம் சார். படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

"அவளுக்குப் பிடிக்காது."

"புரியுது சார். ஆனா கேள்வியோட ஒரு அத்தியாயத்தை எப்படி அச்சடிக்கிறது? ஆதாரம் இருந்தா குடுங்க, தலைமேல வெச்சுக்கறேன். இல்லேன்னா ஒண்ணு சாபம் உள்ள வரணும், இல்ல அத்தியாயம் வெளிய போகணும். அச்சகத்துல தேதி வாங்கிட்டேன் சார், என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

சாபத்தை அவள் பெயரில் அச்சடிப்பார்கள். அல்லது அவள் கேட்ட கேள்வியே இல்லாமல் போகும். இரண்டு கோரிக்கைகள் என்னிடம் இருந்தன.

காப்பகம் ஒரு முழுநாள் ரயில் தூரத்தில் இருக்கிறது. அவளுக்கு விடுப்பு கிடைக்காது. எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே வரவழைத்தாள். இணையத்தில் அட்டவணை இருக்கும். அதில் கோப்பின் எண், ஆண்டு, ஒரு வரித் தலைப்பு, இவ்வளவுதான். எண்ணைக் கொடுத்தால் அங்கே ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்து, முழுக் கோப்பையும் ஸ்கேன் செய்து, இணைப்பை அனுப்புவார். உள்ளே என்ன இருக்கிறதென்று வந்த பிறகுதான் தெரியும். "பொண்ணு பாக்காம, போட்டோவும் பாக்காம, பேரை மட்டும் கேட்டுக் கட்டிக்கிற மாதிரி" என்பாள். அதனால் யோசித்துத்தான் கேட்பாள். அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் கோப்பை முதலில் கேட்பது அவள் வழக்கம்.

எனக்கு அந்த வழக்கம் பிடிபடவில்லை. நேராக யோசித்தேன். தெருவை அகலப்படுத்திய ஆண்டு தெருமுனைக் கல்லில் இருக்கிறது. அட்டவணையில் அதே ஆண்டில் 'கடைத்தெரு: ஆட்சேபணை' என்று ஒரு கோப்பு. பிறகென்ன? எண்ணை அனுப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் வந்தது. ஒரு மருத்துவமனையின் லிஃப்ட் இயந்திர அறையில் இருந்தேன். கையில் கிரீஸ். துடைத்துவிட்டுத் திறந்தேன்.

ரொட்டிக்காரி இல்லை. அடுப்பு இல்லை. ஒரு மனிதர், தன் படுக்கையறைச் சன்னலுக்கு நேராகத் தெருவிளக்கு வைத்துவிட்டார்கள், தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். விளக்கு தன்னை முறைக்கிறது என்றுகூட ஒரு கடிதத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வந்தாள். அவள் மனைவியின் தங்கை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் தவறாமல் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வருவாள். அம்மா கொடுத்தனுப்பினாள் என்பாள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

விளக்குக் கடிதங்களைக் காட்டினேன்.

"ஏன் மாமா, இந்தாளு சன்னலுக்கு ஒரு திரை வாங்கி மாட்டியிருக்கலாம்ல?"

"அதிகாரியும் அதைத்தான் எழுதியிருக்கார். அதுக்கு இவர், திரை போட்டா காத்து வராதுன்னு ஒரு கடிதம்."

"கட்டின பொண்டாட்டி பாவம்." என்னைப் பார்த்தாள். "முழுசாவா படிச்சீங்க?"

முழுசாகத்தான் படித்திருந்தேன். அதற்கு முன் கடைசியாக எதை முழுசாகப் படித்தேன் என்று நினைவில்லை. மருந்துக் கடைச் சீட்டாக இருக்கலாம்.

"ஒண்ணு இடிக்குது" என்றேன். "அட்டையில போட்டிருக்கறது தெரு போட்ட வருஷம். ஆனா இவர் முதல் கடிதம் எழுதினது அதுக்கு ரொம்ப முன்னாடி. தெருவையே அப்ப அகலப்படுத்தல."

"தப்பாப் போட்டிருப்பாங்க. எங்க லேப்ல ஒருத்தி ஆம்பளைக்கு கர்ப்பப் பரிசோதனை முடிவு குடுத்தா."

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'மனுதாரர் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். இனி நடவடிக்கை தேவையில்லை. கோப்பை முடிக்கலாம்.' அதன் கீழே இருந்த தேதியின் ஆண்டுதான் அட்டையில் இருந்தது.

தப்பு அவர்களுடையது இல்லை. கோப்பு, சண்டை ஆரம்பித்த ஆண்டில் உட்காருவதில்லை. முடிந்த ஆண்டில் உட்காருகிறது. நான் ரொட்டிக்காரியின் சண்டை ஆரம்பித்த இடத்தில் தேடி, வேறொருவர் சண்டை முடிந்த இடத்தில் போய் நின்றிருந்தேன்.

"அப்ப அந்தம்மா சண்டை எப்ப முடிஞ்சுதோ அந்த வருஷத்தைக் கேக்கணும்" என்றாள் மைத்துனி.

"ஆமா. ஒரே தடவைதான் கேக்க முடியும்."

அட்டவணையைத் திறந்தோம். தெரு போட்ட பிறகு 'கடைத்தெரு: ஆட்சேபணை' என்ற அதே தலைப்பில் ஏழெட்டுக் கோப்புகள் இருந்தன. எழுத்து மாறாமல் ஒரே தலைப்பு.

"தலைப்பு வைக்கறவருக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா? சரி, அந்தம்மா எப்ப செத்தாங்கன்னு கண்டுபிடிச்சா..." பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினாள்.

"சொல்லு. செத்தாங்கன்னா செத்தாங்கதான்."

"செத்துட்டா சண்டை முடிஞ்சிருக்கும்ல, மாமா."

எப்போது செத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கதையில் அவள் சபிப்பாள், மறைந்துவிடுவாள். கதைக்கு அவ்வளவு போதும்.

வேலைக்குப் போகிற வழிதான். மறுநாள் காலை வளைவில் வண்டியை நிறுத்தினேன். பஞ்சர் கடைக்காரர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு மேலே ஒரு கல் பதித்திருந்தது. கல்லின் மேல் பெயின்ட், அதன் மேல் பெயின்ட். அடுப்பு இருந்த இடத்தில் கட்டடம் வந்திருக்கிறது என்றால் அடுப்பு அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

"காத்தா, பஞ்சரா?" என்றார்.

"அந்தக் கல்லுல வருஷம் போட்டிருக்கா அண்ணே?"

"முனிசிபாலிட்டியா?"

"இல்ல. லிஃப்ட் ரிப்பேர்."

கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "இதுக்கு மாடியே இல்லையேப்பா."

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சாபம் பிடித்திருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பெயர் இருப்பதால்தான் வண்டிக்காரர்கள் கடையை எளிதில் கண்டுபிடிக்கிறார்கள் என்றார். ஆனாலும் அவருக்கும் அந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள ஆசை. ஏணி என்னிடம் எப்போதும் இருக்கும். ஏறிச் சுரண்டினேன்.

"சுரண்டறது சுரண்டறே, முழுசாச் சுரண்டிடு. அரைகுறையா விட்டா சொறி புடிச்ச மாதிரி இருக்கும்."

பச்சை போய், மஞ்சள் போய், கல் தெரிந்தது. ஆண்டு தெரிந்தது. கீழிருந்து அவர் சத்தமாகப் படித்தார். அப்புறம், "இவ்ளோ பழசா? வாடகையை ஏத்தறப்ப மட்டும் ஓனர் புதுக் கட்டடம்பான்" என்றார்.

அட்டவணையில் அந்த ஆண்டில் ஒரு கோப்பு இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று. நடுவிலும் பிறகும் எதுவும் இல்லை.

மைத்துனிக்குச் சந்தேகமே இல்லை. "கட்டடம் வந்த வருஷம்தானே அடுப்பு போன வருஷம்? அதைக் கேளுங்க."

நான் காப்பகத்தின் ஸ்கேன் பிரிவுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் பெட்டிகளை இழுக்கும் சத்தம்.

"ரெண்டு நம்பர் சொல்றேன் மேடம். ரெண்டையும் திறந்து முதல் பக்கத்தை மட்டும் பாத்து, எதுல ரொட்டின்னு வருதுன்னு சொல்ல முடியுமா?"

"எதுல?"

"ரொட்டி."

"சார், இங்க ரெண்டு பேர்தான் இருக்கோம். எடுக்கறோம், ஸ்கேன் அடிக்கிறோம், அனுப்பறோம். படிக்கிறதுக்கு யாரும் சம்பளம் குடுக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. அப்புறம் லாரி வந்துடும். லாரி வந்துட்டா நானே நெனச்சாலும் முடியாது."

எந்த எண்ணைச் சொல்வது என்று நான்கு நாள் யோசித்தேன். வேலை செய்துகொண்டே யோசித்தேன். அந்த வாரம் ஒரு அடுக்குமாடியில் ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் புகார்ப் பதிவைப் பார்த்தேன். பழைய புகார்கள் திறந்தே கிடந்தன. கதவு மூடவில்லை என்ற புகார். அந்தக் கதவை நானே எப்போதோ சரிசெய்துவிட்டேன். லிஃப்ட் அன்று மாலையே ஓட ஆரம்பித்துவிட்டது. புகார் முடியவில்லை. யாராவது வந்து, ஓடுகிறதா என்று பார்த்து, ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு யாரும் அவசரப்படுவதில்லை.

அடுப்பு போகும். ஒருவன் உடனே கட்டடம் கட்டுவான். அலுவலகத்துக்கு அது தெரியவே நாளாகும். தெரிந்த பிறகு ஒருவர் நடந்து வந்து பார்த்து, இனி ஆட்சேபிக்க ஆளே இல்லை என்று எழுத வேண்டும். கட்டடம் எழும்பிய ஆண்டிலேயே அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிந்திய எண்ணைக் கொடுத்தேன்.

"இதுவும் தெருவிளக்கா இருந்தா?" என்றாள் மைத்துனி.

"அப்ப புத்தகத்துல சாபம்தான்."

"எதுக்கும் நான் ஒரு தேங்க்ஸ் அனுப்பி வைக்கிறேன் அந்த ஸ்கேன் அக்காவுக்கு. அன்பாக் கேட்டா எந்திரமும் நல்லா ஓடும்."

"லிஃப்ட் ஓடாது."

"உங்களை மாதிரி."

மாதக் கடைசியில் இணைப்பு வந்தது. மைத்துனி வரும் நாள். நான் திறக்காமல் வைத்திருந்தேன். தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் சாலை ஆய்வாளர் ஒருவரின் குறிப்பு. 'கடைத்தெரு ரொட்டி அடுப்பு தொடர்பாக நேரில் சென்றேன். உரிமையாளரான பெண், இன்றைக்கு மாவு பிசைந்தாகிவிட்டது, நாளை வாருங்கள் என்றார்.'

மைத்துனி என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது.

அடுத்த பக்கம். 'மறுநாள் சென்றேன். மாவு பிசைந்தாகிவிட்டது.'

அடுத்தது. 'சென்றேன். பிசைந்தாகிவிட்டது.'

பிறகு கையெழுத்து மாறியது. புது ஆய்வாளர். மை புதிது, உற்சாகம் புதிது. 'முன்னவர் உரிய நேரத்தில் செல்லவில்லை எனத் தெரிகிறது. நான் விடியுமுன் சென்றேன். மாவு முந்தின நாளே பிசைந்து வைக்கப்படுகிறது. உரிமையாளர் ஒரு ரொட்டி கொடுத்தார்.' ஓரத்தில் மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'ரொட்டியைப் பெற்றுக்கொண்டது ஏன்?' கீழே பதில்: 'சூடாக இருந்தது.'

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன். அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆய்வாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாவு மாறவில்லை. ஒரு பக்கத்தில், மழைக்காலம் வந்துவிட்டதால் அடுப்பு இருக்கும் இடத்தைத் தற்காலிகமாகச் சுற்றிக்கொண்டு தெருவைப் போடலாம், பிறகு நேராக்கிக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு. வளைவு அதுதான். தற்காலிகம்.

"சாபம் எங்க மாமா?"

அதுவும் இருந்தது. மேலதிகாரியிடம் அவருக்கும் மேலே இருந்தவர் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார். இவ்வளவு காலம் ஒரு தெரு நிற்பதற்குக் காரணம் மாவு என்று அவரால் எழுத முடியவில்லை போலிருக்கிறது. 'அப்பெண் கூந்தலை விரித்து, சாம்பலை வீசி, ஊர் அழியும் எனச் சபித்தாள். மக்கள் அச்சத்தில் உள்ளனர்.' சுத்தமான தட்டச்சு. அவர் அங்கே போனதாக ஒரு குறிப்புகூடக் கோப்பில் இல்லை. போனவர்கள் எல்லோரும் மாவைத்தான் எழுதியிருந்தார்கள்.

கடைசிப் பக்கம் மெல்லிய தாள். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. 'உரிமையாளர் காலமாகிவிட்டார். அவ்விடத்தில் கட்டடம் வந்துள்ளது. ஆட்சேபிக்க எவரும் இல்லை. வளைவு இருக்கலாம். கோப்பை முடிக்கலாம்.'

கல்லில் இருந்த ஆண்டுக்கு இரண்டு ஆண்டு கழித்துப் போட்ட கையெழுத்து.

மைத்துனி ரொட்டிப் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அப்புறம், "அக்கா இருந்திருந்தா அந்த 'சூடாக இருந்தது'வைச் சொல்லியே நம்ம எல்லாரையும் ஒரு மாசம் கொன்னிருப்பா" என்றாள்.

"ரெண்டு மாசம்."

மனைவியின் கேள்விக்குக் கீழே இருந்த வெள்ளையில் எழுதினேன். எனக்கு எழுத வராது. கோப்பில் இருந்ததை இருந்த வரிசையில் எழுதினேன். பக்க எண்களைப் போட்டேன். பதிப்பாசிரியர் படித்துவிட்டு அன்றே கூப்பிட்டார்.

"சார், சாபத்தைவிட மாவு நல்லா இருக்கு சார்! ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்."

மாற்றவில்லை. அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி முழுப் புத்தகத்தையும் அனுப்பினார். அத்தியாயம் சரியாக இருந்தது. பின்னட்டையைப் பார்த்தேன். அவளுடைய புகைப்படம். அதற்குக் கீழே நான்கு வரி. நான்காவது வரி: 'என் புத்தகத்தை முடித்துவிடுங்கள் என்பதே அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை.'

மைத்துனி பக்கத்தில் இருந்தாள். அவளும் படித்தாள். நான் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பின்னட்டையில கடைசி வரி. அதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். அப்படித்தானே சார் இருந்திருக்கும்?"

"அவ அதைச் சொல்லல."

"மனசுல நெனச்சிருப்பாங்கல்ல?"

"தெரியாது. நெனச்சதை நான் பாக்கல. எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் சார், கோவிச்சுக்காதீங்க. ஆனா அந்த இடம் காலியா இருக்குமே. வேற என்ன போடறது?" கொஞ்சம் தயங்கினார். "கேக்கக்கூடாதுதான்... என்னதான் சார் சொன்னாங்க?"

இத்தனை மாதத்தில் யாரும் கேட்கவில்லை. மாமியார் கேட்கவில்லை. மைத்துனியும் கேட்கவில்லை. இப்போது அவள் பாத்திரத்தைக் கழுவப் போகாமல் அங்கேயே நின்றாள்.

சின்ன அறுவை சிகிச்சை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேர வேலை. தள்ளுபடுக்கையில் ஏற்றினார்கள். அவள் எதையோ யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள். வார்டின் கதவருகே போனதும் ஊழியரைக் கையைக் காட்டி நிறுத்தினாள். தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன்.

"புதுச் செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கு. யாராவது மாட்டிட்டுப் போயிடப் போறாங்க, பாத்துக்கோ."